நோன்பு நாளில் நிறுத்திய சொட்டு மருந்து

எனக்கு வலது கண் தெரியாது. மங்கலாகத் தெரியும் என்றோ வெளிச்சம் மட்டும் தெரியும் என்றோ சொல்ல வழியில்லை. முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் மும்தாஜ் இதை எழுதுகிறாள். அல்லாஹ் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க மனசில்லை. ஆனால் கிடைத்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போனதைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மைதான். அதனால் அழுகையோடு சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் வீரசோழன். என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், அவர் மவுத்தாகி வெகு காலம் ஆயிற்று. ஒரே மகன் சாகுல், ரியாத்தில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் நானும் மும்தாஜும் பேத்தியும்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்பிள்ளைகள் என்னிடம் குர்ஆன் ஓத வருவார்கள். கல்யாணமாகிப் போகும்வரை ஓதிக்கொடுத்த பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது வருகிறார்கள். ஓதிக்கொடுக்கிற மாமி என்றால் எங்கள் தெருவில் யாரும் என் வீட்டைக் காட்டுவார்கள். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், பிடிவாதமும் அதிகம். இதை எழுதும்போது மும்தாஜ் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

திருச்சுழியில் கண் முகாம் போட்டிருந்தார்கள். புரை விழுந்திருக்கும், எடுத்துவிட்டால் சரியாகும் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். அங்கே பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்து, மதுரைக்குப் போங்கள் என்றார்கள். மதுரைக் கண்ணாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறிப்போய், பார்வையைக் கொண்டுபோகிற நரம்பு கொஞ்சங்கொஞ்சமாகக் காய்கிறதாம். கிளாக்கோமா என்று பேர். வலிக்காது, எரியாது, உறுத்தாது. முதலில் ஓரம் போகும், நடு கடைசியில் போகும், அதனால் போவது ஆளுக்கே தெரியாது. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் சொட்டு மருந்து ஊற்ற வேண்டும், ஆயுசு உள்ளவரை நிறுத்தக் கூடாது என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒழுங்காக ஊற்றவும் செய்தேன். சமையல்கட்டில் நின்றாலும் மும்தாஜ் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். அப்படியே மாதங்கள் ஓடின.

அப்புறம் ரமலான் வந்தது.

பங்குனி வெயில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கண்மாயில் வெடிப்பு விழுந்து, கருவேலங்காட்டில் ஆட்டுக்குக்கூட நிழல் இல்லாமல் கிடக்கும். அந்த வெயிலிலும் சிறு பிள்ளையாக இருந்த காலம் தொட்டு நான் நோன்பை விட்டதில்லை. பிள்ளை பெற்ற வருஷம் விட்டதைக்கூட அடுத்த ரமலான் பிறைக்குள் களாவாகத் திரும்பப் பிடித்து முடித்தவள் நான். அதில் எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சொட்டு மருந்தில் ஒரு கோளாறு. கண்ணில் விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். கண்ணில் விட்டது தொண்டைக்கு இறங்குகிறதென்றால் நோன்பு என்னாவது? எங்கள் தெருவில் பெண்கள் கூடி உட்காரும்போது கேட்டேன். எல்லோரும் ஒரே வாயாக, முறிந்துவிடும் என்றார்கள். ஒருத்தி தன் மாமியார் ரமலானில் காதுக்குக்கூட மருந்து விட மாட்டார் என்றாள். இன்னொருத்தி சர்க்கரை மாத்திரையையே மாதம் முழுக்க எடுத்து வைத்துவிடுவதாகச் சொன்னாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மதியச் சொட்டை நிறுத்தினேன். காலைச் சொட்டை விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரத்தில் விட்டால், நோன்பு தொடங்குகிற சுப்ஹு பாங்கு சொன்ன பிறகும் கசப்பு நிற்கிறதே என்று அதையும் நிறுத்தினேன். இரவுச் சொட்டு ஒன்றுதான் பாக்கி. ராத்தொழுகை தராவீஹ் தொழுதுவிட்டு வந்து படுத்தால் இருக்கிற அலுப்பில் பாதி நாள் அதுவும் இல்லை. மும்தாஜ் குப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். நோன்பு உனக்கா எனக்கா, பேசாமல் இரு என்று அதட்டிவிடுவேன். அவள் முகம் சுருங்கிப் போய்விடும். பெருநாள் முடிந்தது, அதற்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பும் விடாமல் பிடித்தேன். கண் வலிக்கவில்லை, சிவக்கவில்லை. மருந்து இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறோம் என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் மதியம் லுஹர் தொழுகைக்கு ஒளு செய்துகொண்டிருந்தேன். முகம் கழுவும்போது இடது கண்ணில் தண்ணீர் தெறித்தது. கையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டேன். உலகமே அணைந்துபோனது. கரண்டு போய்விட்டது என்று முதலில் நினைத்தேன், பிறகுதான் பட்டப்பகல் என்பது புத்தியில் உறைத்தது. கையை எடுத்தேன், முற்றம் தெரிந்தது. திரும்பப் பொத்தினேன், இருட்டு. அப்படியே வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மும்தாஜ் தானாக வந்து பார்த்துவிட்டு என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாளே பஸ் ஏறினோம். அருப்புக்கோட்டையில் மாறி, காரியாபட்டி தாண்டி மதுரை போய்ச் சேரும்வரை நான் இடது கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். டாக்டரம்மா வெகு நேரம் பார்த்தார். மருந்து ஊற்றினீர்களா என்று கேட்டார். நான் மும்தாஜைப் பார்த்தேன், மும்தாஜ் தரையைப் பார்த்தாள். நோன்பு என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை.

"போன பார்வை வராதும்மா. வலது கண்ணு நரம்பு காஞ்சிருச்சு. இடதுல நடுவுல கொஞ்சந்தான் மிச்சம். அதையும் விட்டுறக் கூடாது."

இடது கண்ணில் அழுத்தம் இறங்க ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். செய்தாலும் போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் என்றார். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை, இருக்கிற கொஞ்சமும் போய்விட வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். இது குடும்ப வழியாக வரக்கூடிய நோய், உங்கள் பிள்ளைக்கும் கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள் என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். எங்கள் ஊரில் வெளிநாட்டில் இருக்கிற ஆண்பிள்ளையிடம் கெட்ட செய்தி சொல்ல மாட்டோம். அவன் அங்கே தனியாகக் கிடந்து தவிப்பான், நினைத்தால் வர முடியாது, எதற்குச் சொல்வது என்பது எல்லா வீட்டிலும் பேச்சு. சாகுலின் அத்தாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, நெஞ்சு வலி வந்ததைக்கூட மவுத்துச் செய்தியோடுதான் அவனிடம் சொன்னோம். அதனால் என் கண்ணைப் பற்றியும் மூச்சு விடக் கூடாது என்று மும்தாஜிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். வீடியோவில் அவன் வந்தால் நேராக உட்கார்ந்து சிரித்துப் பேசுவேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆபரேஷனுக்குப் படுக்கும்போது நான் கேட்ட துஆ ஒன்றே ஒன்றுதான். யா அல்லாஹ், வலதை எடுத்துக்கொண்டாய், இடதை விட்டுவிடு. உன் வேதத்தைப் பார்த்து ஓத ஒரு கண்ணாவது வேண்டும். கட்டு அவிழ்த்தபோது மும்தாஜின் மூக்குத்தி தெரிந்தது. அதற்கப்புறம் அவள் முகம். அவள் கையில் இருந்த தூக்குவாளி தெரியவில்லை, நான் தலையைக் குனிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த அளவுக்காவது விட்டானே என்று அழுதேன்.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமே. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பெரிய கசப்பு வந்துவிட்டது. நடந்தால் கதவுநிலை தோளில் இடித்தது. பக்கத்தில் வந்து உட்காருகிற பிள்ளை தெரியாமல் அதன் கையை மிதித்தேன். குர்ஆனைத் திறந்தால் ஒரு வார்த்தை தெரியும், அடுத்த வார்த்தையைத் தேட வேண்டும், வரி முடிந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் இடம் தவறிவிடும். நான் தடுமாறும்போது பிள்ளைகள் ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்வது மூச்சிலேயே தெரியும். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி ஒன்றைத்தான் கேட்டேன். உனக்காகத்தானே மருந்தை விட்டேன், எதற்காக என் கண்ணை எடுத்தாய்? கேட்கக் கூடாத கேள்வி என்று தெரியும். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அடுத்த ரமலான் நெருங்கியது. ஆபரேஷன் செய்த கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேதான் இருந்தோம். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருந்தை விட்டால் கண் போகும், மருந்தை ஊற்றினால் நோன்பு போகும். இரண்டில் ஒன்று என்று என் மனசு கணக்குப் போட்டது. இந்த வருஷம் நோன்பு இல்லை என்று முடிவு செய்து, ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அப்போதுதான் மும்தாஜ் வந்தாள். எதிர்த்துப் பேசியே அறியாதவள்.

"மாமி, முறியும்னு தெருவுல சொன்னாக. அஜரத்துகிட்ட யாராச்சும் கேட்டமா? கேக்காம எப்படி முடிவு பண்றீக?"

எனக்குச் சுருக்கென்றது. ஓதிக்கொடுக்கிறவள் நான், இதை ஹஜ்ரத்திடம் போய்க் கேட்பதா என்ற எண்ணம் அப்போதும் வந்தது. ஆனால் அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீடு பக்கத்துத் தெருதான். பெண்கள் கேள்வியை ஹஜ்ரத்தின் வீட்டம்மாதான் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்வார்கள். அன்று ஹஜ்ரத்தே நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பதில் சொன்னார்.

"கண்ணுல விடுற மருந்தால நோன்பு முறியாது தாயி. தொண்டையில ருசி தெரிஞ்சாலும் முறியாது. நோன்போட சுருமா போடுறமே, அது மாதிரித்தான். கிதாபுல தெளிவா இருக்கு."

அப்படியும் நோன்பால் கண்ணுக்குக் கேடு வருமென்று டாக்டர் சொன்னால், நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களா செய்துகொள்ளலாம், அதற்கும் மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்றார். சர்க்கரைக்காரர்கள், ஊசி போடுகிறவர்கள் எல்லாம் தன்னிடம் வந்து கேட்கிறார்கள், கண் மருந்தைப் பற்றி இதுவரை ஒரு பெண்ணும் வந்து கேட்டதில்லை என்றும் சொன்னார்.

சுருமா. சகோதரிகளே, போன ரமலான் முழுக்க நான் இரண்டு கண்ணிலும் சுருமா இட்டுக்கொண்டுதான் இருந்தேன். அழகுக்கு இல்லை, நபிவழிச் சுன்னத்து என்று. கண் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று மை இட்டுக்கொண்டே, கண்ணைக் காக்கிற மருந்தை அலமாரியில் வைத்துவிட்டேன். கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் கிடைத்திருக்கும். அல்லாஹ் என் நோன்பையும் என் மருந்தையும் எதிரெதிராக வைக்கவே இல்லை. நாங்கள் பெண்கள் கூடி உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது அது. அந்தத் தெருவில் நின்றபடி நான் அழுத அழுகையை மும்தாஜ் எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன். வீடு வந்து சேருவதற்குள் அவள் என்னைத் தூக்கிக்கொண்டு வராத குறைதான்.

அன்று மக்ரிபு தொழுத பிறகு கையேந்தினேன். எதற்காக எடுத்தாய் என்ற கேள்வி இப்போது வரவில்லை. யார் எடுத்தது என்று தெரிந்துவிட்டதே. வேறொன்று வந்தது. யா அல்லாஹ், நான் கேட்காமல் இருந்ததால் போனது என் கண். இன்னும் எதை நான் வாய் திறக்காமல் வைத்திருக்கிறேன், காட்டு. நாக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மாவின் குரல் காதில் கேட்டது. உங்கள் பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள்.

தொழுகைப் பாயிலிருந்தே மும்தாஜைக் கூப்பிட்டு, உன்னிடம் வாங்கிய சத்தியத்தை விட்டுவிட்டேன், சாகுலுக்குப் போடு என்றேன். அவன் முகம் வீடியோவில் வந்தது. சொன்னேன். ஏம்மா என்னிடம் சொல்லவில்லை என்றுதான் கேட்டான். உன் கண்ணைப் போய்க் காட்டு என்றேன். எனக்கு ஒன்றும் இல்லையே, தூரத்துப் போர்டுகூட நன்றாகத் தெரிகிறதே என்றான். எனக்கும் அப்படித்தானப்பா இருந்தது என்றேன்.

அவன் போய் வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவனுக்குக் கண்தான் சோறு. ஓரம் தெரியாமல் அவ்வளவு பெரிய லாரியை அந்தப் பாலைவன ரோட்டில் ஓட்டுகிறான் என்று நினைத்தால் சோற்றில் வைத்த கையை எடுத்துவிடுவேன். இடது கண்ணுக்காகக் கேட்டுக்கொண்டிருந்த துஆ நின்றுபோனது. என் கண் என்ற நினைப்பே அந்த நாட்களில் வரவில்லை. யா ரப்பே, என்னிடம் இருக்கிற இந்தக் கொஞ்சத்தையும் எடுத்துக்கொள், அவன் கண்ணை விட்டுவிடு என்று கேட்டேன். மனசார கேட்டேன். எந்தத் தாய்க்கும் அதில் கஷ்டம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் பேசினான். இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறியிருக்கிறது. நரம்பு இன்னும் கெடவில்லை. ஓரமும் நடுவும் எல்லாம் சரியாகத் தெரிகிறது. மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் இப்படியே காப்பாற்றிவிடலாம், நல்ல நேரத்தில் வந்தாய் என்று அங்கே இருக்கிற டாக்டர் சொன்னாராம். உனக்கு எப்படித் தெரியும், யார் அனுப்பினார்கள் என்றும் கேட்டாராம். எங்கம்மா அனுப்பினார்கள் என்று சொன்னானாம்.

நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். எழுந்திருக்க மனமே வரவில்லை. எனக்கு இந்த நோய் வந்து, இவ்வளவு தூரம் அடிபட்டுத்தான் அவனுக்கு இருப்பது தெரிந்தது. சொல்லாமலே இருந்திருந்தால் என் வயசில் அவனுக்கும் நான் பட்டது வந்திருக்கும், அதுவும் ஓட்டிக்கொண்டிருக்கிற வண்டியில் வந்திருக்கும். நான் எனக்காகக் கேட்டதை அல்லாஹ் தரவில்லை. நான் கேட்கவே தெரியாமல் இருந்ததைத் தந்துவிட்டான். இதற்குமேல் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாது. வலது கண்ணை நினைத்தால் இன்றும் அழுகை வருகிறது, அதையும் மறைக்கவில்லை. நன்றி சொல்கிற வாயும் அழுகிற கண்ணும் ஒரே முகத்தில்தான் இருக்கின்றன.

அந்த ரமலான் முழுக்க நோன்பும் பிடித்தேன், சொட்டும் விட்டுக்கொண்டேன், டாக்டரம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான். சுருமாவை மட்டும் அவர் நிறுத்தச் சொல்லிவிட்டார், நிறுத்திவிட்டேன். முதல் நோன்பன்று லுஹருக்குப் பிறகு தெருப் பெண்கள் கூடியிருந்த இடத்தில், எல்லோர் கண் முன்னாலும் மும்தாஜை மருந்து விடச் சொன்னேன். ஒரு கூச்சல் எழுந்தது. ஹஜ்ரத் சொன்னதைச் சொன்னேன், நம்பாதவர்கள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றும் சொன்னேன். சிலர் எழுந்து போகவும் செய்தார்கள். சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்திருந்தவள் மறுநாள் என்னிடம் வந்து, தானும் கேட்டுவிட்டதாக மெதுவாகச் சொன்னாள். எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே, அது இதற்காவது ஆகட்டும்.

போன முறை மதுரை போனபோது இடது கண்ணில் அழுத்தம் ஏறவில்லை என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ். இப்போது பெரிய எழுத்துக் குர்ஆனை வைத்துக்கொண்டு, வரிக்குக் கீழே ஒரு அட்டையைப் பிடித்தபடி ஓதுகிறேன். முன்பு குர்ஆனில் முப்பதில் ஒரு பங்கான ஜுஸ்உ முடிக்கிற நேரத்தில் இப்போது ஒரு பக்கம்தான் முடிகிறது. ஆனால் முன்னைப்போல வேகமாக ஓடிப்போக முடியாததால் ஒவ்வொரு சொல்லிலும் நிற்கிறேன். பிள்ளைகள் வரி தவறும்போது காட்டிக் கொடுக்கிறார்கள். எனக்கு வெட்கம் போய்விட்டது.

உங்களிடம் கேட்பது இதுதான். கையேந்துங்கள், அல்லாஹ் தராமல் விடமாட்டான். ஆனால் கையேந்திய பிறகு எழுந்து போய்க் கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள். மருந்தை நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரிடமும் ஹஜ்ரத்திடமும் கேளுங்கள். வயசானால் கண் மங்கத்தான் செய்யும் என்று சும்மா இருக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் வீட்டு நோயைச் சொல்லிவிடுங்கள், அது அவன் உடம்பிலும் இருக்கலாம்.

எனக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள். வலது கண்ணுக்காக வேண்டாம், அது போனது போனதுதான். ரியாத்தில் சாகுல் இப்போது மதியத் தொழுகைக்கு வண்டியை ஓரம் நிறுத்தும்போது, கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்கிறான். போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் அவன் முகம் எனக்கு முழுசாகத் தெரிகிறது. மவுத்து வரைக்கும் அது தெரிந்தால் போதும் என்று கேளுங்கள்.